மூணாவது நிமிஷத்துல அணையற கம்ப்யூட்டர்

பட்டனை அழுத்தினா விசிறி சுத்துது. பெட்டிக்குள்ள நீல லைட்டு எரியுது. திரையில மதர்போர்டு கம்பெனியோட சின்னம் வருது. அதுக்குக் கீழ சின்னச் சின்னப் புள்ளிங்க வட்டமா ஓடுது. ஓடுது, ஓடுது, ஓடிக்கிட்டே இருக்குது. அப்புறம் டப்புன்னு எல்லாம் அணைஞ்சி போகுது.

"பாத்தியாக்கா? காலைலேர்ந்து இதே தான். எழுந்திரிக்க மாட்டேங்குது," ன்னா ஷபானா. குரல் கம்மிப் போயிருந்துச்சு.

நான் அப்ப தான் ரயில்லேர்ந்து இறங்கி, பையைக் கூட வீட்ல வைக்காம நேரா அவ வீட்டுக்கு வந்திருந்தேன். ஆம்பூர்ல மதிய வெயில் எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா? ரெண்டாவது மாடி வேற. மூச்சு வாங்குது. ஆனா வாய் மட்டும் குறையல.

"நான் வந்துட்டேன் இல்ல? போய் ஒரு டீ போடு. அது ஆறறதுக்குள்ள இதை எழுப்பி உக்கார வச்சிடறேன்," ன்னேன்.

அன்னிக்கு நான் மூணு டீ குடிச்சேன்.

இத்தனை வாரமா இந்தப் பக்கத்துல என் வீரதீரப் பிரதாபத்தையே எழுதிக்கிட்டு வர்றேன். செத்துப் போச்சுன்னு தூக்கிப் போட்ட சிஸ்டத்துக்கு உயிர் குடுத்தது, மழைத்தண்ணில முங்கின பிரிண்டரை ஓட வச்சது, எல்லாம் பெருமையா சொல்லியாச்சு. "நீங்க தப்பே பண்ண மாட்டீங்களா மேடம்?" னு ஒரு வாசகி குடியாத்தத்துலேர்ந்து கேட்டிருக்காங்க. பண்ணியிருக்கேம்மா. ஒண்ணே ஒண்ணு. அதைத் தான் இந்த வாரம் சொல்றேன். நாலஞ்சி இருக்கும், ஆனா ஒண்ணு தான் சொல்வேன்.

அஸருக்கு அப்புறம் வருவார்

ஷபானா ஷூ பேக்டரில பேட்டர்ன் ரூம்ல இருந்தவ. ஒரு சைஸுக்கு வரைஞ்ச ஷூவோட டிசைனை எல்லா சைஸுக்கும் கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணி, சின்னது பண்ணிக் குடுக்கணும். அதுக்குப் பேரு கிரேடிங். கேக்கறதுக்கு லேசா இருக்கும். அரை மில்லிமீட்டர் பிசகினா ஆயிரம் ஜோடி தோலு குப்பைக்குப் போய்டும். அவ கை பிசகாது.

ரெண்டாவது குழந்தை பொறந்ததும் காலைல ஏழு மணி கம்பெனி வேனைப் பிடிக்க முடியல. நின்னுட்டா. ஒன்றரை வருஷம் வீட்ல இருந்தா. அப்புறம், முன்னாடி அவளோட வேலை பாத்த சலீம் சார் வேற ஒரு கம்பெனில பேட்டர்ன் ரூமுக்கு ஹெட்டா போனாரு. "வீட்லயே உக்காந்து கிரேடிங் பண்ணித் தர்றியாம்மா? ஆனா உன் சொந்த சிஸ்டம் எங்க சாப்ட்வேரைத் தாங்கணும். நான் வந்து அரை மணி நேரம் ஓட்டிப் பாப்பேன். தாங்கினா வேலை உனக்கு. இல்லன்னா மெட்ராஸ்ல ஒரு ஆள் ரெடியா இருக்காரு," ன்னாரு.

அன்னிக்கு தான் அவர் வர்ற நாள். அஸர், அதாவது சாயங்காலத் தொழுகை முடிஞ்சதும் வர்றேன்னு சொல்லியிருந்தாரு. நான் உள்ள நுழையறப்ப மணி பன்னெண்டரை.

"இது போச்சுன்னா எனக்கு வேற வழி இல்லக்கா," ன்னா. "பேட்டர்ன் ரூம்ல யாரும் இப்ப ஆள் எடுக்கல. தெருமுனை யூனிட்ல பேஸ்டிங் டேபிளுக்கு தான் கூப்பிடறாங்க. மறுபடியும் அங்கேர்ந்து ஆரம்பிக்கணும்."

பேஸ்டிங் டேபிள்னா இன்னான்னு தெரியாதவங்களுக்கு: தோலுக்குப் பசை தடவற மேசை. பேக்டரிக்குள்ள புதுசா வர்ற பொண்ணுங்களை முதல்ல அங்க தான் நிக்க வைப்பாங்க. ஷபானா அங்க நாலு வருஷம் நின்னா. அங்கேர்ந்து படிச்சி, பழகி, கெஞ்சி, சண்டை போட்டு பேட்டர்ன் ரூமுக்குப் போனவ. திரும்பி அங்க போறதுன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சிப் பாருங்க.

"அப்பர் எங்க?"

அவளுக்கும் எனக்கும் பழக்கம் ஆனது அந்த மேசைக்கிட்ட தான். கொஞ்சம் பின்னாடி போய்ட்டு வர்றேன், பொறுத்துக்கோங்க.

எனக்கு ஊர் அரக்கோணம். எங்க அப்பா ரயில்வே. ஸ்டேஷன் மைக் சத்தத்துலயே வளந்தவ நான். கம்ப்யூட்டர் டிப்ளமா முடிச்சி, கல்யாணம் ஆகி ஆம்பூருக்கு வந்து, ஒரு ஷூ பேக்டரில சிஸ்டம் பாக்கற வேலைல சேந்தேன். முதல் நாளே சூப்பர்வைசர் என்கிட்ட, "பார்கோடு செக் பண்ணணும், அப்பர் எடுத்துட்டு வாம்மா," ன்னாரு.

அப்பர்னா எனக்கு அப்பர் பெர்த். வேற எதுவும் தெரியாது. சரி, மேல் மாடியைத் தான் சொல்றாரு போலன்னு ரெண்டு மாடி ஏறிப் போய் நின்னேன். அங்க தண்ணி டேங்க்கும் காக்காவும் தான் இருந்துச்சு. கீழ இறங்கி வந்து, "சார், மேல ஒண்ணுமே இல்லையே," ன்னேன்.

பேஸ்டிங் டேபிள்ல இருந்த அத்தனை பொண்ணுங்களும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஒருத்தி மட்டும் சிரிக்காம எழுந்து வந்து, அடிப்பாகம் இல்லாத ஒரு ஷூவை என் கைல குடுத்தா. "இது தான்க்கா அப்பர். ஷூவோட மேல் பாகம். இந்த ஊர்ல பாதி வார்த்தைக்கு நீ நினைக்கிற அர்த்தம் இருக்காது. ஒருவாட்டி கேட்டுட்டு செய்," ன்னா. அவ தான் ஷபானா. சொல்லிட்டு, போய் உக்காந்து அவளும் சிரிச்சா.

அந்தப் புத்திமதியை நான் அன்னிக்கே காத்துல விட்டுட்டேன்னு பின்னாடி தான் தெரிஞ்சிது.

நான் சில வருஷத்துல வேலையை விட்டு பஜார்ல சொந்தமா சர்வீஸ் கடை போட்டுட்டேன். ஆனா ஷபானாவுக்கு சிஸ்டம்னா நான் தான். இந்தப் புது கம்ப்யூட்டருக்கும் இன்னின்ன பார்ட்ஸ் வாங்குன்னு எழுதிக் குடுத்தது நான். விண்டோஸையும் பேட்டர்ன் சாப்ட்வேரையும் டிஸ்க்ல ஏத்தி முன்னாடியே குடுத்துட்டேன். பார்ட்ஸ் வந்ததும் நானே வந்து மாட்டறதா பேச்சு. கூரியர்காரன் நாலு நாள் லேட் பண்ணிட்டான். அதுக்குள்ள என் தங்கச்சி வீட்டு கிரகப்பிரவேசம் வந்துடுச்சு. நான் அரக்கோணம் போய்ட்டேன்.

"பேஜார் ஆகாத ஷபானா," ன்னு போன்ல சொன்னேன். "ஒவ்வொண்ணா எப்படி மாட்டணும்னு வாய்ஸ் மெசேஜ்ல சொல்றேன். நீயே மாட்டு. ஷூவையே செஞ்சவ, இது இன்னா பெரிய வித்தை?"

அடுப்படில ஒரு கைல கரண்டி, ஒரு கைல போன். பதினாறு மெசேஜ் அனுப்பினேன். அவளும் சொன்னதைச் சொன்னபடி மாட்டிட்டா.

ராம் தான், சந்தேகமே இல்ல

இப்ப அந்த மதியத்துக்கு வர்றேன்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதுமே பசை வாசனை மூக்குல ஏறிச்சு. நான் கண்டுக்கல. ஆம்பூர்ல அந்த வாசனை அடிக்காத தெரு எது? பக்கத்து வீட்ல யாராவது பேக்டரிலேர்ந்து ஷூ ஒட்டற பீஸ் வேலை எடுத்துச் செய்யறாங்கன்னு விட்டுட்டேன்.

"ராம் தான். சந்தேகமே இல்ல," ன்னு ஆரம்பிச்சேன். அது கம்ப்யூட்டரோட ஞாபகத்தை வச்சிருக்கற பட்டை. புது கம்ப்யூட்டர் எழுந்திரிக்கலன்னா பாதிக்கு மேல அது சரியா உக்காராதது தான் காரணம். கழட்டி, அதோட உலோகக் காலைத் துடைச்சி, மறுபடி அழுத்தினேன். கிளிக்னு உக்காந்துச்சு. ஆன் பண்ணேன். புள்ளி ஓடிச்சு. டப்.

ஒரு ராமை எடுத்துட்டு ஒண்ணை மட்டும் வச்சேன். டப். இடம் மாத்தி வச்சேன். டப்.

"அக்கா," ன்னா ஷபானா, பின்னாடி நின்னுக்கிட்டு. "நான் ஒண்ணு பாத்தேன். கொஞ்ச நேரம் ஆற விட்டுப் போட்டா ஜாஸ்தி நேரம் ஓடுது. மூணு நிமிஷம் வருது. உடனே போட்டா ஒரு நிமிஷம் தான்."

"சும்மா இருடி. கம்ப்யூட்டர் இன்னா சோறா, ஆற வச்சிப் பாக்கறதுக்கு?" ன்னு ஒரு அதட்டு போட்டேன்.

இதை எழுதறப்பவே எனக்கு வெக்கமா இருக்குது. அவ சொன்னது தான் பதில். முழு பதிலையும் தட்டுல வச்சி நீட்டினா. நான் வாங்கல. எனக்குத் தான் எல்லாம் தெரியுமே.

அடுத்தது பவர் சப்ளை மேல சந்தேகப்பட்டேன். கடையிலேர்ந்து ஒண்ணை வரவழைச்சி மாத்தினேன். ஒயரை எல்லாம் பிடுங்கிச் சொருகி விரல் நுனி சிவந்து போச்சு. டப். டிஸ்க்கைக் கழட்டிட்டு வெறும் பெட்டியை ஆன் பண்ணேன். அப்பவும் டப். ரெண்டாவது டீயும் ஆறி ஏடு கட்டிடுச்சு. மணி ரெண்டே கால்.

அப்ப தான் வாயை மூடிக்கிட்டு உக்காந்து யோசிச்சேன். ஆற விட்டா ஜாஸ்தி நேரம் ஓடுது. ஆற விட்டா. அடக் கடவுளே!

மதர்போர்டோட சொந்தத் திரைக்குள்ள போனா, ஓரத்துல சூடு எவ்வளவுன்னு காட்டும். போனேன். ப்ராசஸர், அதாவது கணக்கெல்லாம் போடற முக்கியமான சில்லு, அதுக்கு நேரா நம்பர் ஏறிக்கிட்டே இருக்குது. அறுபது. எழுபத்திரண்டு. எண்பத்தஞ்சி. தொண்ணூறைத் தாண்டிச்சு. டப்.

சூடு தாங்காம தன்னைத் தானே அணைச்சிக்குது. உயிரைக் காப்பாத்திக்குது, பாவம். இதோட மல்லுக்கட்டி ரெண்டு மணி நேரம் போச்சு.

"கூலர் சரியா உக்காரல. அவ்வளவு தான்," ன்னு நிமிந்தேன். தைரியம் திரும்பி வந்துடுச்சு. கூலர்ன்றது சில்லு மேல உக்காந்து சூட்டை இழுக்கற அலுமினியக் கட்டி, மேல ஒரு விசிறி. நாலு ஸ்க்ரூவையும் கழட்டிட்டுத் தூக்கினேன்.

அசையல. மதர்போர்டோட சேந்து மேல வர்ற மாதிரி இருந்துச்சு.

என் குரல்

"இழுக்காதேக்கா!" ன்னு கத்தினா ஷபானா. "அது நல்லா ஒட்டியிருக்கு."

"ஒட்டியிருக்கா? எதுக்குடி ஒட்டணும்?"

"நீ தான பேஸ்ட் போட சொன்ன?"

குனிஞ்சி மோந்து பாத்தேன். வாசனை பக்கத்து வீட்லேர்ந்து வரல. பெட்டிக்குள்ளேர்ந்து வருது.

கம்ப்யூட்டர் தொழில்ல பேஸ்ட்னா சில்லுக்கும் கூலருக்கும் நடுவுல தடவற சாம்பல் கலர் களிம்பு. சூட்டைக் கடத்தும், ஒட்டாது. எங்க பேக்டரில பேஸ்ட்னா தோலையும் அடிப்பாகத்தையும் சேக்கற மஞ்சப் பசை. அது ஒட்டும். சூட்டைக் கடத்தாது. போத்திப் பிடிச்சிக்கும்.

"யாராவது சில்லு மேல ஷூ பசையைத் தடவுவாங்களா? அறிவு வேணாம்? யாரு உனக்கு இப்படிச் சொன்னது?" கோவம் தலைக்கு ஏறிச்சு. எனக்குக் கோவம் வந்தா தெருவுக்கே கேக்கும்.

ஷபானா போனை எடுத்து, தேடி, ஒரு மெசேஜை அழுத்தினா. தாளிக்கிற சத்தத்துக்கு நடுவுல என் குரல் வந்துச்சு.

"ப்ராசஸரை உக்கார வச்சி லீவரைப் பூட்டு. அதுக்கு மேல பேஸ்ட் போட்டு கூலரை வச்சி அழுத்து. உனக்குப் போய் பேஸ்ட் போட நான் சொல்லித் தரணுமாடி? நாலு வருஷம் அதைத் தானே பண்ண!" அதுக்கு அப்புறம் என் சிரிப்பு. நல்ல நீளமான சிரிப்பு.

போனை வாங்கி நிறுத்தினேன்.

"அதான் தெருமுனை யூனிட்லேர்ந்து பசை வாங்கிட்டு வந்து, ரெண்டு பக்கமும் தடவி, பத்து நிமிஷம் காய விட்டு, விரல்ல தொட்டுப் பாத்துட்டு அழுத்தினேன்," ன்னா. கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுது. "கிராஸ் பண்ணிக் கேட்டா நீ கோச்சுக்குவேன்னு கேக்கல. எவ்வளவு மேல வந்தாலும் கை பேஸ்டிங் கை தானேக்கா. சலீம் சார் இதைப் பாத்தா அதைத் தான் சொல்வாரு."

"தப்பு உன்னுது இல்ல," ன்னேன். "என்னுது. சொன்ன வாய் என்னுது. சிரிச்சதும் நான் தான். மன்னிச்சுக்கோடி." இந்த மாதிரி நான் யார்கிட்டயும் கேட்டதில்ல, என் வீட்டுக்காரர்கிட்ட கூட.

பேஸ்டிங் கை

மன்னிப்பு கேட்டா கூலர் கழண்டு வந்துடுமா? மணி ரெண்டே முக்கால்.

அந்தச் சில்லுக்கு அடில நூத்துக்கணக்குல ஊசி மாதிரி கால் இருக்கும். வெடுக்குன்னு இழுத்தா சில்லு பேந்து வந்து கால் எல்லாம் வளைஞ்சிடும். புதுசு வாங்கணும்னா வேலூர் போகணும், இல்ல ஆர்டர் போட்டு ரெண்டு நாள் காத்திருக்கணும். கூலர் மேல இருந்த கையை எடுத்துட்டேன். என் கை, இந்தக் கை!

ஷபானா துப்பட்டாவால முகத்தைத் துடைச்சிக்கிட்டு பெட்டிக்கிட்ட வந்தா. "தள்ளுக்கா. ஒட்டத் தெரிஞ்சவளுக்குப் பிரிக்கத் தெரியும். செக்கிங்ல ரிஜெக்ட் ஆன ஷூவை நாங்க எப்படிப் பிரிப்போம்னு நினைச்ச? சூடு காட்டணும். பேஸ்ட் இளகும். இளகினதும் இழுக்கக் கூடாது, திருகணும்."

"சூடு எங்கேர்ந்து காட்டுவ? ஹீட்டர் காத்து பட்டா பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக் எல்லாம் உருகிடும்."

அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. "அதுவே தொண்ணூறு வரைக்கும் ஏறுதுன்னு இப்ப தானேக்கா சொன்ன?"

ஆன் பண்ணோம். புள்ளி ஓடிச்சு. ரெண்டு பேரும் குனிஞ்சி நின்னோம். டப். உடனே மறுபடி ஆன் பண்ணோம். டப். மூணாவது தடவை அணைஞ்சதும் பிளக்கைப் பிடுங்கிட்டு, "டார்ச் அடி," ன்னா.

நான் டார்ச் அடிச்சேன். அது ஒண்ணு தான் அப்ப எனக்குக் குடுத்த வேலை. அவ ரெண்டு கையாலயும் கூலரைப் பிடிச்சி இடது பக்கம் துளி, வலது பக்கம் துளி. அவசரமே இல்ல. கண்ணை மூடிக்கிட்டா. விரல்லயே கேக்கற மாதிரி இருந்துச்சு. "இன்னும் விடல... இன்னும் விடல... இந்தா, விடுது," ன்னா. கூலர் அப்படியே வழுக்கித் திரும்பிக் கைக்கு வந்துச்சு. சில்லு இருந்த இடத்துலயே பத்திரமா இருந்துச்சு.

"யா அல்லா," ன்னு தரையில உக்காந்துட்டா. நான் அவ பக்கத்துல உக்காந்துட்டேன்.

பசை தடவியிருந்த அழகை நான் சொல்லியே ஆகணும். ஓரத்துல ஒரு சொட்டு வழியல. நாலு மூலையும் ஒரே கனம். தப்பான வேலையை அவ்வளவு சுத்தமா செஞ்சதை நான் எங்கயும் பாத்ததில்ல.

அதை எடுக்கறதுக்கும் அவகிட்டயே சாமான் இருந்துச்சு. கிரேப் ரப்பர்னு ஒரு கட்டி, ஷூ மேல வழிஞ்ச பசையை உருட்டி எடுக்கறது. மெதுவா தேச்சா. பசை மாவு மாதிரி உருண்டு வந்துச்சு. ஊதி விட்டா, சில்லு கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆய்டுச்சு.

"கூலரோட ஊசி மாதிரி ஒரு சின்ன டியூப் வந்திருக்கணுமே?" ன்னேன்.

"அதுவா? விசிறிக்குப் போடற கிரீஸ்னு நினைச்சேன். நீ அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல." தையல் மெஷின் டிராயர்ல எண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்துலேர்ந்து எடுத்துக் குடுத்தா. பிரிக்கவே இல்ல. அந்தச் சாம்பல் களிம்பு அதுக்குள்ள தான் இருந்துச்சு; ஒரு பட்டாணி அளவு வச்சி கூலரை மறுபடி மாட்டினோம்.

பதினாறு மெசேஜ் அனுப்பினேன். அந்த டியூபைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

நாலாவது நிமிஷம்

சலீம் சார் நாலே முக்காலுக்கு வந்தாரு. உயரமான ஆளு, மூக்கு நுனில கண்ணாடி. சலாம் சொல்லிட்டு நேரா விஷயத்துக்கு வந்துட்டாரு. கொண்டு வந்த பென் டிரைவைக் குடுத்து, "இந்த லேடீஸ் ஷூவை எல்லா சைஸுக்கும் கிரேட் பண்ணும்மா," ன்னாரு.

நாங்க அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டோம். நல்லா தான் ஓடிச்சு. இருந்தாலும் எனக்குத் திரையைப் பாக்க தைரியம் இல்ல, சுவத்து கடிகாரத்தையே பாத்தேன். ஒரு நிமிஷம். ரெண்டு. மூணாவது நிமிஷத்துல நான் மூச்சே விடல.

நாலு.

திரும்பிப் பாத்தா, ஷபானா கோட்டுக்கு மேல கோடா சைஸ் சைஸா விரிச்சிக்கிட்டு இருந்தா. கம்ப்யூட்டர் இருக்கற ஞாபகமே அவளுக்கு இல்ல. அரை மணி நேரமும் அது அசையாம ஓடிச்சு.

சலீம் சார் பெட்டி மேல கையை வச்சிப் பாத்தாரு. "சூடே இல்லையே. யாரு அசெம்பிள் பண்ணது?"

நான் வாயைத் திறந்தேன். பழக்கதோஷம். அப்புறம் மூடிக்கிட்டேன்.

"நான் தான் சார்," ன்னா ஷபானா. "அக்கா சொல்லச் சொல்ல மாட்டினேன்."

"ரெண்டு பேருமே கெட்டிக்காரங்க தான்," ன்னாரு. "சனிக்கிழமைலேர்ந்து பைல் அனுப்பறேன்மா."

அவர் படி இறங்கற சத்தம் நின்னதும், ஷபானா என்னைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு அழுதா. நானும் அழுதேன். அதுக்கு அப்புறம் போட்டது தான் மூணாவது டீ. அதை மட்டும் சூடா குடிச்சேன்.

"அந்த மெசேஜை அழிச்சிடுடி," ன்னேன்.

"சான்ஸே இல்லக்கா," ன்னா.

இப்ப ரெண்டு மூணு வருஷம் ஆச்சு. வேலை ஜாஸ்தியாகி, போன மாசம் ஷபானா இன்னொரு சிஸ்டத்துக்கு பார்ட்ஸ் வாங்கினா. கூட வேலை பாக்க வர்ற அவளோட தோஸ்த்துக்கு. நான் கடைல கும்பலுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு இருந்தேன்.

"நீங்களே மாட்டிடுங்க, நான் வாய்ஸ்ல சொல்றேன்," ன்னு மெசேஜ் போட்டேன்.

பதில் வந்துச்சு. அவ ஒரு வார்த்தை பேசல. தாளிக்கிற சத்தமும், என்னோட அந்த நீளமான சிரிப்பும் தான் இருந்துச்சு.